கோட்டின் மேல் ஒரு தடம்

முதலில் பிசினைச் சொல்ல வேண்டும்.
தேன் நிறம். பைன் மர வாசம்.
விரலில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாது.
பரோயே தீவுகளில் காடு கிடையாது,
எங்களுக்குக் காடு டப்பாவில் வருகிறது.
பந்து வழுக்காமலிருக்க ஆட்டக்காரிகள்
அதை ஷூ ஓரத்தில் அப்பிவைத்து
ஓடுகிற ஓட்டத்தில் தொட்டுக்கொள்கிறார்கள்.
ஆட்டம் முடிந்தால் அது என்னுடையது.

நான் மார்யுன். அரங்கத்தைத் துடைப்பவள்.
நாற்பது மீட்டர் நீளம், இருபது அகலம்;
என் முதுகுக்கு இரண்டும் மனப்பாடம்.
கைப்பந்தின் சட்டங்களை எனக்கு
யாரும் சொல்லித் தரவில்லை.
தரையைப் படித்தேன்.

பக்கத்துக்கு ஏழு பேர்,
அதில் ஒருத்தி கோல் காக்கிறவள்.
கையில் பந்தோடு மூன்றடி வைக்கலாம்,
நாலாவது அடி குற்றம்.
தட்டாமல், எறியாமல், சும்மா பிடித்துக்கொண்டு
மூன்று நொடிக்கு மேல் யோசிக்கவும் கூடாது.
(மீன் ஆலையை விடுவதா வேண்டாமா என்று
என் வீட்டுக்காரர் பதினோரு வருடம் யோசித்தார்.)
சட்டையைப் பிடித்து இழுத்தால்
இரண்டு நிமிடம் பெஞ்சு;
மிச்ச ஆறு பேர் அவளுக்கும் சேர்த்து ஓட வேண்டும்.
கோல் போட மனமில்லாமல் பந்தை
இவளுக்கு அவள், அவளுக்கு இவள் என்று
கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால்
நடுவரின் கை மெல்ல உயரும்:
போதும், எறி.

பிறகு அந்த வளைந்த கோடு.
கோலிலிருந்து ஆறு மீட்டர்.
உள்ளே கோல் காக்கிறவளைத் தவிர
ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது.
கோடும் உள்ளேதான் சேர்த்தி,
ஷூ நுனி பட்டாலும் பட்டதுதான்.
ஆனால் கோட்டுக்கு மேலே இருக்கும் காற்றுக்கு
வேலி போடவில்லை.
வெளியே ஊன்றி எம்பு,
தரை உன்னைப் பிடிப்பதற்குள் பந்தை விட்டுவிடு,
பிறகு எங்கே வேண்டுமானாலும் விழு.
இதை எழுதியவர் யாரோ,
எம்பத் தெரிந்தவர்.

நேற்று தெற்குத் தீவுப் பெண்கள் வந்திருந்தார்கள்.
இருபத்தாறுக்கு இருபத்தாறு.
கடிகாரத்தில் நாலு நொடி.
இடது ஓரத்திலிருந்து எங்கள் பியார்த்தா,
சால்மன் பண்ணையில் வலை தைப்பவள்,
கோணமே இல்லாத இடத்திலிருந்து எம்பினாள்.
உடம்பு முழுக்கக் காற்றில் சாய்ந்து கிடந்தது,
மணிக்கட்டு மட்டும் கடைசியில் திரும்பியது.
கோல். சங்கு அலறியது.
பேக்கரிக்காரர் என் வாளியைக் கவிழ்த்துவிட்டு
என்னையே கட்டிப்பிடித்தார்.

அவர்கள் பயிற்சியாளர் எய்டுன்
கோட்டைக் காட்டிக் கத்தினார்.
நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு
மையத்தைக் காட்டினார்கள்.
ஊதியது ஊதியதுதான்.
அவர்கள் கோல் காக்கிறவள் சுன்வா
ஒன்றும் பேசவில்லை.
வலையிலிருந்து பந்தை எடுத்தாள்,
கோட்டை ஒருமுறை பார்த்தாள்,
பையைத் தூக்கினாள். எட்டே முக்காலுக்குப் படகு.

பத்தரைக்கு விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டு
எண்ணெயும் துணியுமாக மண்டியிட்டேன்.
எல்லாரும் குதிகாலில் பிசின் அப்புகிறார்கள்,
பியார்த்தா மட்டும் பெருவிரல் பக்கம்.
இடது ஓரத்தில், கோட்டின் மேல்,
ஒரு இடது ஷூவின் பெருவிரல் பக்கம்
தேன் நிறத்தில் மின்னியது.
சுண்டுவிரல் அகலம். அவ்வளவுதான்.

பெஞ்சுகளைத் துடைத்தேன். கதவுப்பிடிகளைத் துடைத்தேன்.
மையக் கோடு, ஏழு மீட்டர்க் கோடு,
பேக்கரிக்காரர் கவிழ்த்த தண்ணீர்.
துடைப்பதற்கு வேறெதுவும் மிச்சமில்லாதபோது
திரும்பி வந்தேன்.

வெளியே மூடுபனி. எங்கோ நடுக்கடலில்
சுன்வா தன் விரல்களைச் சுரண்டிக்கொண்டிருப்பாள்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு
மூன்று நொடிக்கும் மேலாக நின்றேன்.
யாரும் ஊதவில்லை.